உள்ளே ஒன்றும் மாறவில்லை என்றால்

மார்ச் 2, திங்கள்

அன்றன்று படித்ததை அன்றன்றே சொந்த வார்த்தையில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் கம்ப்யூட்டர் கிளாஸ் சார். என்னைவிடச் சின்னவன், அவனை சார் என்று கூப்பிட வேண்டியிருக்கிறது, என் நேரம். வகுப்பில் மற்றதெல்லாம் காலேஜ் பிள்ளைகள். முப்பது வயதில் நான் ஒருத்திதான் கடைசி பெஞ்சில் சோற்றுப் பாத்திரப் பையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் அனுப்பியதால் போகிறேன். இந்தக் கோவில்பட்டியில் அவருடைய டயாலிசிஸ் சென்டரில் ரிசப்ஷன் வேலை எனக்கு. மறுநாள் வர வேண்டியவர்களுக்கெல்லாம் முந்தின நாளே போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடுகிறது. அதைக் கம்ப்யூட்டரே மெசேஜாக அனுப்பிவிட்டால் நல்லது, நம் ஆள் யாராவது படித்தால் என்ன என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது. நம் ஆள் என்றால் நான்தான். பிரிசில்லா சிஸ்டருக்கு ஊசி குத்தவே நேரம் போதவில்லை.

இன்று லூப். ஒரே வேலையை மறுபடி மறுபடி செய்யச் சொல்வது. முதல் வகை ஃபார். எத்தனை தடவை என்று முன்கூட்டியே தெரிந்தால் ஃபார் போட வேண்டும். நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றுவதுபோல. ஒன்பது முடிந்தால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து போன். பேசிவிட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் அம்மா, "ரிசல்ட் வந்துச்சாட்டி?" என்றாள். இன்னும் வரவில்லை என்றேன். பெரிய ஆஸ்பத்திரி. எத்தனையோ பேருக்குப் பார்க்க வேண்டும். நேரம் ஆகத்தான் செய்யும்.

மார்ச் 3, செவ்வாய்

என் தம்பி மாசானத்துக்கு செவ்வாய், வியாழன், சனி. காலை முதல் ஷிஃப்ட், ஜன்னலோரக் கட்டில். நான்கு மணி நேரம் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மிஷினில் சுத்தமாகித் திரும்பி வரும். அதுவரை ஆள் அசையக் கூடாது. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினவன் அவன்.

பதிவு வேலை முடிந்ததும் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். "இன்னைக்கு என்ன பாடம்க்கா?" என்றான். பொழுது போக வேண்டும் அவனுக்கு. ஃபார் லூப்பைச் சொன்னேன். நவக்கிரகத்தையும் சொன்னேன்.

"அப்ப நமக்கு அது ஆவாதுக்கா. எத்தன சுத்துன்னு இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக" என்றான்.

பக்கத்துக் கட்டில் அய்யாக்குட்டி அண்ணாச்சி சிரித்தார். ரிட்டயர்டு கண்டக்டர். "சீட்டு வாங்கியாச்சு தம்பி, எறங்குற எடம்தான் தெரியல" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

போன மாதம் மதுரைக்குக் கூட்டிப்போய் எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கிட்னி கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது நான்.

மார்ச் 5, வியாழன்

தண்ணீர் வரவில்லை. நான்கு குடம் தூக்கினேன். இடுப்பு வலி. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

இன்று வைல் லூப். இதில் எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒரு நிபந்தனை இருக்கும். அது உண்மையாக இருக்கிற வரைக்கும் ஓடும். மழை பெய்கிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நில் என்கிற மாதிரி. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்முன் எட்டிப் பார்க்கும்: மழை பெய்கிறதா? பெய்கிறது. சரி, நில். மறுபடி பார்க்கும்.

மதுரை போன் வந்தது. அங்கிருந்து பேசுகிற அந்தம்மா நல்ல மாதிரி. குரலை உயர்த்தவே மாட்டார். "அவசரமில்லம்மா, உங்க உடம்பு, நீங்கதான் முடிவெடுக்கணும். வேணாம்னா எங்ககிட்ட சொன்னாப் போதும். சேரலைன்னு நாங்களே வீட்டுல சொல்லிருவோம். உங்க பேரு வராது" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார்.

என்னத்தை யோசிக்கிறேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இது லூப் நோட்டு.

சோறு இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன். அம்மா கேட்டாள். வரவில்லை என்றேன்.

மார்ச் 11, புதன்

வகுப்பில் மானம் போயிற்று. ஒன்றிலிருந்து பத்து வரை எழுதச் சொல்லி வைல் லூப் போட்டேன். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்று அருவி மாதிரி கொட்டுகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறதுகள். சார் வந்து இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கி நிறுத்தினார்.

"எண்ணைக் கூட்டவே இல்லையே மேடம். உள்ள ஒண்ணுமே மாறலைன்னா வெளிய நிபந்தனை எப்படி மாறும்? அது பாட்டுக்கு ஓடிட்டேதான் இருக்கும்."

எனக்கென்ன தெரியும்? எழுதினால் தானாக நிற்கும் என்று நினைத்தேன். வருகிற வழியில் பால் வாங்க மறந்துவிட்டேன். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

அய்யாக்குட்டி அண்ணாச்சி வரவில்லை. நேற்றுக் காலையில் வீட்டிலேயே முடிந்துவிட்டதாம்.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. பிரிசில்லா சிஸ்டர் கொண்டுவந்தது. காரியம் முடிகிற வரைக்கும் போனவர் பெயரை லிஸ்டில் இருந்து அடிக்க மாட்டோம். பதினாறாம் நாள் கழிந்துதான் அடிப்போம். கட்டிலிலும் அதுவரை புது ஆள் கிடையாது. வெள்ளைத் துணி விரித்து விட்டுவிடுவோம். மற்றவர்கள் எங்கே என்று கேட்கவும் மாட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

மாசானம் இன்று பாடம் கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

தரகர் அத்தை வந்திருந்தாள். தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டாருக்கு என் போட்டோ பிடித்துவிட்டதாம். உப்பளத்தில் சூப்பர்வைசர். போகும்போது என் காதோரமாக, "கல்யாணத்துக்கு முன்ன ஒடம்புல கத்தி பட்டுச்சுன்னா ஒருத்தனும் வர மாட்டான், பாத்துக்க" என்றாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். கொடு என்றும் அவள் சொன்னதில்லை, கொடுக்காதே என்றும் சொன்னதில்லை. ரிசல்ட் வந்ததா என்று மட்டும் கேட்பாள்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் மாசானத்தின் மேல்தான். இடுப்பு வலி என்று மெடிக்கலில் வாங்கி வாங்கி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்றான். வருஷக் கணக்கில். வேண்டாம்லே, டாக்டரைப் பாரு என்று நான் கத்தாத கத்தலா? "லோடு ஏத்துறவனுக்கு இதெல்லாம் சகஜம்க்கா" என்றான். அவன் உடம்பை அவன் கெடுத்துக்கொண்டதற்கு நான் ஏன் படுக்க வேண்டும்?

எழுதியதைப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கிழிக்கலாம் என்றால் பின்பக்கத்தில் ஃபார் லூப் இருக்கிறது.

போன் வந்தது. யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 18, புதன்

என் புரோகிராம் ஓடிவிட்டது. மெசேஜ் போகிற ஏற்பாட்டை சார் செய்து கொடுத்தார். லூப் மட்டும் நான் எழுதியது. வியாழக்கிழமைப் பெயர் ஒவ்வொன்றாக எடு, அவர் நம்பருக்கு அனுப்பு, அடுத்த பெயருக்குப் போ. "நாளை காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். தவறாமல் வரவும்." ஒரு பட்டன். தொண்டைக்கு வேலையே இல்லை. டாக்டர் கைகொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று சந்தோஷமாக இருந்தேன்.

மாசானத்துக்கும் போயிற்று. "சரிங்க மேடம்" என்று பதில் அனுப்பியிருக்கிறான், கழுதை.

மார்ச் 19, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அய்யாக்குட்டி அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா ஆவுடைத்தங்கம் நிற்கிறார். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் அண்ணாச்சி கொண்டுவருகிற அதே ஒயர்க்கூடை, உள்ளே போர்வை.

"மெசேஜ் வந்துச்சும்மா. அவுக போனுக்கு. தவறாம வரணும்னு போட்டுருந்துச்சு. யாராச்சும் வரணும்லா" என்றார்.

பெயரை அடிக்கவில்லையே. லூப்புக்கு என்ன தெரியும்? பெயர் இருந்தது, அனுப்பிவிட்டது. கம்ப்யூட்டர் தப்பு என்று உளறினேன். என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. அந்த வெள்ளைத் துணிக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். பிரிசில்லா சிஸ்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்த கட்டிலில் மாசானம் கண்ணை மூடிக்கொண்டான்.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எனக்கும்தாம்மா டெஸ்ட் எடுத்தாக. மூணு வருசம் முந்தி. சேரலன்னுட்டாக. அன்னைக்கி நான் கோயிலுக்குப் போயித் தேங்கா ஒடச்சேன். சேரலன்னதுக்கு. அவுகளுக்குத் தெரியாது. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். மாசானத்தின் கண் திறந்திருந்தது. கேட்டிருப்பான்.

மார்ச் 20, வெள்ளி

கன்டின்யூ. ஒருவரை மட்டும் தாண்டிவிட்டு அடுத்தவருக்குப் போகச் சொல்லும் வார்த்தை. அண்ணாச்சி பெயர் பக்கத்தில் ஒரு குறி போட்டு, குறி இருந்தால் தாண்டு என்று எழுதிவிட்டேன். பெயரும் இருக்கும், மெசேஜும் போகாது. ஒரே ஒரு வரி. போன புதன்கிழமையே எழுதியிருக்கலாம்.

மார்ச் 23, திங்கள்

டூ-வைல். இது வைலுக்குத் தம்பி மாதிரிதான். ஆனால் முதலில் ஒரு தடவை வேலையைச் செய்துவிடும். பிறகுதான் நிபந்தனையைப் பார்க்கும். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியெல்லாம் செய்து முடித்த பிறகு.

முதலில் செய்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் வைல் ஜாதி. வாசலிலேயே நின்று எட்டி எட்டிப் பார்க்கிற ஆள்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. பையில் போட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. பயமாக இருக்கிறது. இதையாவது எழுதிவைக்கிறேன். கத்தி பயம், மயக்க மருந்து பயம், பாதியில் கண் விழித்துவிட்டால் என்கிற பயம். ரிசப்ஷனில் உட்கார்ந்து இத்தனை பேரைப் பார்த்தவளுக்கு இருக்கிற ஒன்றும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். எனக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அம்மா கேட்டாள். வரவில்லை என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

மாசானத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் குடிப்பதில் அளவு மீறியிருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு சொம்பு கூட முழுசாகக் கிடையாது அவனுக்கு, இந்த வெயிலில். ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் காலம் தள்ளுகிறான். பிரிசில்லா சிஸ்டர் திட்டினாள். கேட்டுக்கொண்டான்.

"எக்கா, திங்கக்கெழம ஆனா ஏன் நீ சோறு திங்க மாட்டேங்க?"

"விரதம்லே."

"எந்தச் சாமிக்கு?"

நான் குழாயைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவனும் விட்டுவிட்டான். பாடம் கேட்டான். டூ-வைல் சொன்னேன். "நான் மாத்திர தின்ன மாதிரி. மொதல்ல முழுங்கு, பெறகு யோசி" என்று சிரித்தான். பிறகு, "அன்னைக்கி நிக்காம ஓடுச்சுன்னியே, அது ஏன்?" என்றான்.

"உள்ள ஒண்ணும் மாறல. மாறலன்னா நிக்காது."

"எவ்வளவு நேரம்?"

"கரண்டு போற வரைக்கும்."

"பெறகு எப்படி நிறுத்துனாக?"

"வெளியில இருந்துதான் நிறுத்தணும். ரெண்டு பட்டனச் சேத்து அமுக்கணும். லூப் தன்னத்தானே நிறுத்திக்கிடாது. அதுக்கு நிக்கத் தெரியாது" என்றேன்.

"பாவம்" என்றான்.

குழாய் குத்துகிற கையை நீட்டிக்கொண்டிருந்தான். தொட்டால் சதைக்கு அடியில் ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலில் தெரியும். சின்னப் பிள்ளையில் அவன் அந்தக் கையால்தான் என் சடையைப் பிடித்து இழுப்பான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

மாசானம் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான். சாத்தூரில் சிநேகிதனைப் பார்க்கிறானாம். வீங்கின காலோடு பஸ்ஸில் எதற்குடா என்று கத்தினேன். கேட்டால்தானே. சாயங்காலம் முகம் வெளிறித் திரும்பி வந்தான். அம்மாவுக்குச் சேவு, எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ. சேவில் உப்பு, அவனால் ஒன்றுகூடத் தின்ன முடியாது. அம்மா தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூ நல்ல குண்டு மல்லி. சாத்தூரில் இவ்வளவு நல்ல மல்லி எப்போதிருந்து கிடைக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 30, திங்கள்

மத்தியானம் போன் வரவில்லை.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வந்தாலும் கஷ்டம், வராவிட்டால் அதைவிடக் கஷ்டம். கடைசியில் நானே கூப்பிட்டேன். என்ன சொல்வதற்காகக் கூப்பிட்டேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கலாம். இப்போது எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

"உங்க தம்பி வெள்ளிக்கிழமை நேர்ல வந்தாரும்மா" என்றார் அந்தம்மா. "அக்காகிட்ட இனிமே கேக்க வேணாம், அவங்க குடுத்தாலும் நான் வாங்கிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. உங்க ரிசல்ட்டை நாங்க அவர்கிட்ட சொல்லலை. அவரும் கேக்கலை. சேந்துருக்குன்னு தெரியும் மேடம், சேரலைன்னா அக்கா அன்னைக்கே அழுதுக்கிட்டு வந்து சொல்லியிருப்பான்னாரு. வீட்டுக்கு மட்டும் சேரலைன்னு சொல்லச் சொன்னாரு. இன்னைக்கு உங்க அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டோம்."

"உங்க மனசு மாறினா கூப்பிடுங்க. அவர்கிட்டயும் பேசிப் பாக்கலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வைத்ததும் எனக்குப் பசித்தது.

அதை எழுதத்தான் வேண்டும். அழுகை வரவில்லை, பசி வந்தது. பாத்திரத்தில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். தண்ணீர் சொம்பு நிறையக் குடித்தேன். பல நாள் கழித்து மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அதன் பிறகுதான் வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்குப் போனால் அம்மா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "சேரலையாம்ட்டி" என்றாள். எழுந்து போய்த் திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் பூசினாள். "நீ என்ன செய்வ? உம்மேல குத்தமில்ல" என்றாள். மாசானம் கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆமாம்மா என்றேன்.

நாளை செவ்வாய். மெசேஜ் பட்டனை சாயங்காலமே அமுக்கிவிட்டுத்தான் வந்தேன். அவன் பெயருக்கும் போயிற்று. தாண்டவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

அண்ணாச்சி கட்டிலுக்கு வழக்கப்படி இன்றுதான் புது ஆள் வந்தார். வாத்தியாராம். பயந்து போயிருந்தார். எத்தனை மாதம் இப்படி வர வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சிஸ்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாசானத்துக்கு ஊசி குத்தும்போது முகத்தைச் சுளித்தான். வேலை முடிந்ததும் போய் உட்கார்ந்தேன். மிஷின் சக்கரம் சுற்றுகிறது, ரத்தம் போகிறது, வருகிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

"பாடம் இல்லயாக்கா இன்னைக்கு?"

"லூப் முடிஞ்சிட்டுலே" என்றேன்.

தலையாட்டினான். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். ஐஸ் கட்டி எடுத்துக் கொடுத்தேன். வாயில் ஒதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். திரும்பாமலேயே கேட்டான்:

"நேத்து தூங்குனியா?"

"தூங்குனேன்" என்றேன். அவனிடம் பொய் சொல்லவில்லை.